ஒரு மாதம், ஒரே லென்ஸ்: புதியவர்களுக்கு ஒரு பயிற்சி வழிகாட்டி

ஒரு நாற்காலியை ஜன்னலுக்கு இரண்டு மீட்டர் முன்னால் போடுங்கள். கேமராவோடு சேர்ந்து வந்த 18–55 மி.மீ. ஜூம் லென்ஸை 55-இல் வைத்து, நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று, கேமராவை நெட்டாகப் பிடித்து ஒரு படம் எடுங்கள். பிறகு லென்ஸை 18-க்குத் திருப்பி, நாற்காலிக்கும் உங்களுக்கும் ஒரு மீட்டரே இருக்கும்படி அருகே வந்து இன்னொரு படம். இரண்டிலும் நாற்காலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். ஜன்னலைக் கவனியுங்கள். முதல் படத்தில் அது நாற்காலியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு பெரிதாக நிற்கும். இரண்டாவதில் பாதியளவாகச் சுருங்கி எங்கோ பின்னால் போயிருக்கும்.

இப்போது மூன்றாவதாக ஒன்று. நின்ற இடத்தைவிட்டு நகராமல் 18-லிருந்து 55 வரை திருப்பித் திருப்பி எடுத்துப் பாருங்கள். நாற்காலியும் ஜன்னலும் சேர்ந்தே பெரிதாகும். ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் இம்மியும் மாறாது. ஜூம் வளையம் செய்வதெல்லாம் கத்தரிக்கோல் வேலை. முன்னால் இருப்பது எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், பின்னால் இருப்பது எவ்வளவு சிறிதாகத் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் இடம்.

“ஜூம் இல்லையென்றால் என்ன, காலால் நடந்து போ” என்று புதியவர்களிடம் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். நடந்து போனால் ஜூம் செய்த படம் கிடைக்காது, வேறொரு படம் கிடைக்கும். கையில் ஜூம் இருக்கும்வரை, முதலில் கால் எங்கே நின்றதோ அங்கேயே நின்றுகொண்டு வளையத்தைத் திருப்புகிறோம். வளையம் இல்லாவிட்டால் எங்கே நிற்பது என்று ஒவ்வொரு முறையும் யோசித்தாக வேண்டும். ஒரே லென்ஸோடு ஒரு மாதம் இருக்கச் சொல்வதற்கு என்னிடம் உள்ள காரணம் இது ஒன்றுதான். பை இலேசாகும், லென்ஸைக் கழற்றாததால் சென்சாரில் (கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் தகட்டில்) தூசி ஏறாது என்பதெல்லாம் கொசுறு.

எந்த லென்ஸைக் கட்டிக்கொள்வது?

முதலில், எதையும் வாங்காதீர்கள். புதிய லென்ஸ் வந்த சந்தோஷத்தில் செய்கிற பயிற்சி ஒரு வாரம்கூட நிற்காது. இருப்பதை வைத்துத் தொடங்குங்கள்.

கடந்த சில மாதங்களில் நீங்கள் எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எந்தக் குவியத் தொலைவில், அதாவது லென்ஸின் எந்த மி.மீ. எண்ணில், எடுக்கப்பட்டது என்று பாருங்கள். கேமரா அதை ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் எழுதி வைத்திருக்கும். பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான் படங்கள் குவிந்து கிடக்கும்: 18-இல் ஒரு கூட்டம், 55-இல் ஒரு கூட்டம். நடுவில் உள்ள எண்களை நாம் தொடுவதே இல்லை. வளையத்தை ஒரு முட்டிலிருந்து மறு முட்டுக்குத் தள்ளிவிட்டு எடுத்திருக்கிறோம். என் கோப்புகளில் இதைப் பார்த்த அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

முழு அளவு சென்சார் 36-க்கு 24 மி.மீ. இருக்கும். இந்தக் கட்டுரையில் 28, 35, 50 என்று நான் சொல்வதெல்லாம் அந்த அளவை வைத்துத்தான். உங்கள் கேமராவின் சென்சார் அதைவிடச் சிறியது என்றால் ஒரு பெருக்கல் கணக்குப் போட வேண்டும். ஏ.பி.எஸ்-சி வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு 1.5, கேனனில் 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக்கு 2. அதாவது 1.5 வகைக் கேமராவில் 35 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் 50-ஐப் போலப் பார்க்கும், 23 மி.மீ. பொருத்தினால் 35-ஐப் போல.

இந்தக் கணக்கைப் போடாமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. “50 தான் இயல்பான பார்வை” என்று எங்கோ படித்துவிட்டு, ஏ.பி.எஸ்-சி கேமராவில் 50-ஐ மாட்டிக்கொண்டு சபதம் எடுத்தேன். அது 75 போலப் பார்க்கிற லென்ஸ் என்பது மண்டையில் ஏறவில்லை. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். சிறிய அறை. ஐந்து பேரையும் ஒரே படத்தில் எடுக்கப் பின்னால் போனேன், போனேன், முதுகில் சுவர் தட்டியது. ஃபிரேமுக்குள் இரண்டு பேரும் மூன்றாமவரின் ஒரு காதும்தான் இருந்தன. கதவைத் திறந்து வெளியே போய் நின்றும் பார்த்தேன். கதவு நிலைதான் பாதி படத்தை அடைத்தது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் படம் இல்லை.

ஆகவே உங்கள் நாட்கள் எங்கே கழிகின்றன என்று பாருங்கள். வீட்டுக்குள்ளும் நெருக்கடியான இடங்களிலும் எடுப்பவருக்கு 35 போலப் பார்க்கும் லென்ஸ். தெருவிலும் திறந்த வெளியிலும் எடுப்பவருக்கு 50. இரண்டும் புரியாவிட்டால் 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் போக இடம் இல்லாத தவிப்பைவிட முன்னால் போகக் கூச்சப்படுவது மேல், கூச்சம் பழகினால் போய்விடும். 28 நல்ல லென்ஸ்தான், ஆனால் ஓரங்களில் வேண்டாததெல்லாம் வந்து உட்காரும். முதல் மாதத்துக்குக் கொஞ்சம் முரடு. 85-க்கு மேல் போனால் பாதி உலகம் தானாகவே வெட்டுப்பட்டுவிடும், நிற்கும் இடத்தைப் பற்றி நீங்கள் கற்றுக்கொள்ள அதிகம் மிஞ்சாது.

ஜூம் லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது என்றாலும் கவலையில்லை. வளையத்தை வேண்டிய எண்ணில் நிறுத்தி, அதன்மேல் காகித டேப் ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் டேப் வேண்டாம், பசை ஒட்டிக்கொண்டு மாதக் கடைசியில் எரிச்சல் தரும். டேப் ஃபோகஸ் வளையத்தின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசிக்காரர்கள் ‘1×’ என்று காட்டும் முதன்மைக் கேமராவோடு நின்றுகொள்ளலாம்; திரையில் இரண்டு விரலை வைத்து விரிப்பது மட்டும் கூடாது.

இது ஒன்றும் புது விரதம் இல்லை. 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்கா கேமராவின் 50 மி.மீ. லென்ஸைக் கழற்றவே முடியாது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி 50-ஐ வைத்தே காலம் தள்ளினார். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு தம் திரைப்படங்களை எடுக்கப் பெரும்பாலும் நம்பியதும் 50-ஐத்தான். ஜூம் கொட்டிக்கிடந்த காலத்தில், 2011-இல், ஃபியூஜிஃபில்ம் கழற்ற முடியாத 23 மி.மீ. லென்ஸோடு எக்ஸ்100 என்ற கேமராவைக் கொண்டுவந்தது; அதற்கும் ஆள் இருந்தார்கள்.

விதிகளை எழுதி வையுங்கள்

மனத்தில் வைத்த விதி மூன்றாம் நாளே நெகிழ்ந்துவிடும். ஒரு தாளில் எழுதிக் கேமராப் பையில் போடுங்கள். என் தாளில் இருந்தவை இவை: முப்பது நாள். தினமும் ஒரு படமாவது. எடுத்த படத்தை ஓரம் வெட்டக் கூடாது, கோணலாக இருந்தால் நிமிர்த்தலாம். முதல் வாரம் முழுக்க அபர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை; எண் ஏற ஏறத் துளை சிறிதாகும்) எஃப் 8.

வெட்டக் கூடாது என்பதுதான் உயிர்நாடி. பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்தால் கால் நகராது. வெட்டுவதும் ஜூம்தான், கொஞ்சம் தாமதமாகச் செய்கிற ஜூம்.

அபர்ச்சர் விதியைப் பலர் வெறுப்பார்கள். எஃப் 1.8 உள்ள லென்ஸ் கையில் கிடைத்ததும் எல்லாவற்றையும் 1.8-இலேயே எடுத்துப் பின்னணியைக் கரைத்துவிடுவது புதியவர்களின் வழக்கம். முழு அளவு சென்சாரில், 50 மி.மீ. லென்ஸில், எஃப் 1.8-இல், ஒரு மீட்டர் தொலைவில் கூர்மையாக இருப்பது முன்னும் பின்னுமாகச் சேர்த்துச் சுமார் 4 செ.மீ. எஃப் 8-இல் அது சுமார் 18 செ.மீ. ஆகும். பின்னணி கரைந்துவிட்டால் எங்கே நின்றோம் என்ற கேள்வியும் அதோடு கரைந்துவிடுகிறது. தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருப்பது கண்ணில் படாது. ஒரு வாரம் அந்தக் கம்பத்தைப் பார்த்துப் பழகுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.-வை (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனை) ஏற்றுங்கள், புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை.

காசு வாங்கிக்கொண்டு யாருக்காவது படம் எடுத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கும் மாதத்தில் இதைத் தொடங்காதீர்கள். உங்கள் பயிற்சிக்கு அடுத்தவர் விலை கொடுக்கக் கூடாது.

முதல் வாரம்: கேமரா இல்லாமலே ஃபிரேமைப் பார்ப்பது

கையை முழுவதும் நீட்டி, கட்டை விரலையும் சுண்டு விரலையும் அகல விரியுங்கள். அந்த ஒரு சாண், உங்கள் கண்ணுக்குச் சுமார் 20 பாகை அகலத்தை மறைக்கும். 50 மி.மீ. லென்ஸின் கிடைமட்டப் பார்வை சுமார் 40 பாகை. ஆக, நீட்டிய கையில் இரண்டு சாண். 35-க்குச் சுமார் 54 பாகை, மூன்று சாணுக்குக் கொஞ்சம் குறைவு. 28-க்கு 65 பாகை, மூன்று சாணுக்குக் கொஞ்சம் மேல். ஒருவர் சாண் போல இன்னொருவர் சாண் இருக்காது. ஒருமுறை சுவருக்கு எதிரே நின்று, சாணால் அளந்த ஓரங்களும் வ்யூஃபைண்டரில் (கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில்) தெரியும் ஓரங்களும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்த்து, உங்கள் கைக்கு ஏற்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு இதைவிட எளிது. 35-இல் ஃபிரேமின் அகலமும் நீங்கள் நிற்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்று. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் மூன்று மீட்டர் அகலம் உள்ளே வரும். 50-இல் தூரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. மூன்று மீட்டரில் சுமார் 2.2 மீட்டர். நின்றுகொண்டிருப்பவரை உச்சி முதல் பாதம் வரை எடுக்க, கேமராவை நெட்டாகப் பிடித்து 50-இல் இரண்டரை மீட்டர், 35-இல் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நின்றால் சரியாக இருக்கும். சிறிய சென்சார்க்காரர்கள், அவர்கள் லென்ஸ் எந்த எண்ணைப் போலப் பார்க்கிறதோ அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது பயிற்சி. தினமும் பத்துப் பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்: கதவு, சைக்கிள், மரத்தின் அடிப்பாகம், எதுவானாலும் சரி. கேமரா தோளில் தொங்கட்டும். “இந்தக் கதவு முழுதாக, ஓரத்தில் ஒரு கை அகலச் சுவரோடு வர வேண்டும் என்றால் எங்கே நிற்க வேண்டும்?” என்று யோசித்து, அந்த இடத்துக்கு நடந்து போய் நின்று, பிறகு கேமராவைத் தூக்குங்கள். தூக்கிய பிறகு நகரக் கூடாது. அப்படியே எடுத்துவிடுங்கள். முதல் நாள் பத்தில் எட்டுத் தப்பாக வரலாம். எத்தனை தப்பு என்பதைவிட எந்தப் பக்கம் தப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் ஒரு பெரிய எட்டு பின்னாலேயே நின்றுவிடுவேன். அது தெரிந்த பிறகு, நினைத்த இடத்திலிருந்து ஓர் எட்டு முன்னால் வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். வாரக் கடைசியில் பத்தில் ஆறேழு சரியாக விழத் தொடங்கியது.

பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். மூடிய கதவைப் பார்த்துச் சாண் அளக்கிற ஆள் எவருக்கும் விசித்திரம்தான்.

இரண்டாம் வாரம்: ஒரே ஆள், மூன்று தூரம்

இந்த வாரம்தான் பயிற்சியின் நடுமையம். தினமும் ஒரு பொருளையோ ஆளையோ ஐந்து மீட்டர், இரண்டு மீட்டர், அரை மீட்டர் என மூன்று தூரங்களில் எடுங்கள்.

சைக்கிள் பழுதுபார்ப்பவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். லென்ஸ் 35. ஐந்து மீட்டரில் ஐந்து மீட்டர் அகலம் உள்ளே வருகிறது: அவர், தலைகீழாக நிறுத்திய சைக்கிள், சுவரில் மாட்டிய டயர்கள், காத்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர். இது இடத்தைப் பற்றிய படம். அவர் சிறியவராகத்தான் இருப்பார், இருக்கட்டும். இரண்டு மீட்டருக்கு வாருங்கள். இப்போது அவரும் சக்கரமும் மட்டும். அவர் கம்பிகளைச் சுண்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்து ஓசை கேட்பது தெரிகிறது. இது வேலையைப் பற்றிய படம். இங்கே முழங்காலை மடக்கி அவர் கண் மட்டத்துக்கு இறங்கினால் அவர் தலைக்குப் பின்னால் தெரிவதே மாறிவிடும். அரை மீட்டரில் ஆளே இல்லை. விரல்கள், நகக்கண்ணில் கறுப்பாக அடைந்திருக்கும் கிரீஸ், கம்பியின் மரையைப் பிடித்திருக்கும் சாவி.

அரை மீட்டருக்குப் போவதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். ஐந்து மீட்டரில் திருடினாற்போல எடுத்துவிடலாம். அரை மீட்டரில் பேசாமல் எடுக்க முடியாது. பேச்சுக் கொடுத்த பிறகு திரும்ப இரண்டு மீட்டருக்கு வந்து எடுக்கும் படம், முதலில் அங்கே எடுத்ததைவிட நன்றாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் உங்களை மறந்துவிட்டுச் சக்கரத்துக்குத் திரும்பியிருப்பார்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒவ்வொரு லென்ஸுக்கும் இதற்குமேல் அருகே போனால் ஃபோகஸ் ஆகாது என்ற எல்லை ஒன்று உண்டு, 50 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றுக்கு அது 35 முதல் 45 செ.மீ. சென்சாரிலிருந்து அளக்கும் தூரம் அது, லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து அல்ல. அடுத்தது, முகங்கள். அரை மீட்டரில் முகத்தை எடுத்தால் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கும். லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடும். அது தூரத்தின் வேலை. ஒன்றரை மீட்டருக்குப் பின்வாங்குங்கள். முகத்தோடு தோளும் கையும் இருக்கும் இடமும் சேர்ந்து வரும், அவற்றையும் சேர்த்துப் படமாக்குவதுதான் உங்கள் வேலை.

ஃபிரேமுக்குள் அடங்காத பெரிய கட்டடம் எதிர்ப்பட்டால் ஒரு பகுதியை எடுங்கள். வானத்தில் பருந்து பறந்தால் அது புள்ளியாக இருக்கட்டும், வானத்தைப் படமாக்குங்கள். சில காட்சிகளைக் கைகட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். வலிக்கும். பத்துப் பன்னிரண்டாம் நாள் வாக்கில் சலிப்பும் வரும். அன்றைக்கு ஒரு படத்தை மட்டும் எடுத்துவிட்டுப் படுத்துவிடுங்கள்.

மூன்றாம் வாரம்: ஃபோகஸையும் கட்டிப்போடுவது

தூரம் இப்போது கண்ணுக்குப் பழகியிருக்கும். அதை வேகமாக மாற்றிக்கொள்ளலாம். 35 மி.மீ. லென்ஸில், முழு அளவு சென்சாரில், எஃப் 8 வைத்து மூன்று மீட்டரில் ஃபோகஸ் செய்தால் சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் போதுமான கூர்மையோடு இருக்கும். ஏ.பி.எஸ்-சி கேமராவில் 23 மி.மீ. வைத்திருப்பவருக்கு எஃப் 5.6-லேயே கிட்டத்தட்ட இதே வீச்சு கிடைக்கும். 50-இல் இவ்வளவு தாராளம் இல்லை: எஃப் 8-இல் 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரைதான்.

செய்முறை இதுதான். மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் ஏதாவதொன்றில் தானியங்கி ஃபோகஸ் செய்து, உடனே கைமுறை ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/250 நொடி, ஐ.எஸ்.ஓ. தானியங்கி. இனி பட்டனை அழுத்தினால் கேமரா தேடாது, உடனே எடுக்கும். நாய் குதிக்கும்போது, குழந்தை திரும்பிப் பார்க்கும்போது, அந்த வீச்சுக்குள் நீங்கள் நின்றிருந்தால் போதும். சில லென்ஸ்கள் கேமராவை அணைத்துப் போட்டதும் ஃபோகஸை மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். நான் அரைநாள் படங்களை இப்படித் தொலைத்திருக்கிறேன்.

கடைசி வாரமும் அதற்குப் பிறகும்

கடைசி வாரத்துக்கு விதி எதுவும் கூடுதலாகத் தேவையில்லை. அபர்ச்சரையும் ஃபோகஸையும் உங்கள் விருப்பப்படி வைத்துக்கொண்டு எடுங்கள், லென்ஸ் மட்டும் மாறக் கூடாது.

முப்பதாம் நாள், தினம் ஒன்றாக முப்பது படங்களைத் தேர்ந்தெடுத்து, சிறியதாகவாவது அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். நல்லது, கெட்டது என்று பிரிக்காதீர்கள். தூரத்தை வைத்துப் பிரியுங்கள்: கை நீட்டினால் தொடும் தூரத்தில் எடுத்தவை ஒரு வரிசை, பேசும் தூரத்தில் எடுத்தவை ஒரு வரிசை, கூப்பிடு தூரத்தில் எடுத்தவை ஒரு வரிசை. ஏதோ ஒரு வரிசை காலியாக இருக்கும். எனக்கு முதல் வரிசையில் நான்கே படங்கள் இருந்தன, நான்கும் பொருள்கள், ஒன்றில்கூட மனிதர் இல்லை. அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஜூம் லென்ஸைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். மாட்டியதும் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். காட்சியைப் பார்த்த இடத்திலேயே, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன், எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அங்கே போய் நின்று, எத்தனை மி.மீ. வேண்டும் என்று மனத்தில் ஓர் எண் சொல்லி, வளையத்தை அந்த எண்ணுக்குத் திருப்புங்கள். பிறகு தூக்குங்கள்.